‘எல்லாம் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது’ என்றால் என்ன பொருள்? கிளவுட் சம்பள மென்பொருளில் எந்தத் தரவுக்கு எந்தப் பூட்டு

கிளவுட் மென்பொருள் விற்கும் எந்த நிறுவனத்தின் பாதுகாப்புக் குறிப்பைப் பார்த்தாலும் ‘உங்கள் தரவு முழுவதும் ஏஇஎஸ்-256 முறையில் என்கிரிப்ட் செய்யப்படுகிறது’ என்ற வரி இருக்கும் (என்கிரிப்ட் என்றால் மறையாக்கம், அதாவது சாவி இல்லாதவருக்குப் புரியாத எழுத்தாகத் தரவை மாற்றுவது; ஏஇஎஸ்-256 அதற்கான ஒரு முறை). பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் யாரிடமிருந்து காப்பாற்ற என்கிரிப்ட் செய்யப்பட்டது, சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டையும் அந்த வரி சொல்லாது. அவை தெரியாதவரை அந்த உறுதிமொழியை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்தியாவில் இந்தக் குழப்பம் இப்போது பெரிதாகியிருக்கக் காரணம் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அந்த அறிவிப்பிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. தரவை மறையாக்கம் செய்வது, மறைத்துக் காட்டுவது, அசல் எண்ணுக்குப் பதில் மாற்று டோக்கன் வைப்பது ஆகியவற்றை விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். அந்தப் பொறுப்பு ஊழியரின் தரவைச் சேகரித்த நிறுவனத்தைச் சேரும். மென்பொருளை வேறொருவர் நடத்துகிறார் என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்தத் தரவுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று சட்டம் பட்டியல் தரவில்லை. கடவுச்சொல், நிதி விவரம், உடல்நலம், உயிரியளவுத் தரவு ஆகியவற்றைத் தனியாகப் பிரித்துக் காட்டியது 2011ஆம் ஆண்டின் பழைய விதிமுறை. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை, எல்லாமே தனிநபர் தரவுதான். எனவே பிரிக்கும் வேலை நிறுவனத்தின் தலையில் விழுகிறது. மனிதவளம், சம்பளம் இரண்டையும் பார்க்கும் ஒரு கிளவுட் மென்பொருளை எடுத்துக்கொண்டால் இதைத் தெளிவாக விளக்க முடியும். பெயர் முதல் ஆதார் வரை எல்லா வகைத் தரவும் அதில் ஒரே இடத்தில் கிடக்கிறது.

பூட்டு போடக்கூடிய நான்கு இடங்கள்

1. பயணத்தில். உலாவிக்கும் சர்வருக்கும் நடுவே ஓடும் தரவைப் பூட்டும் டிஎல்எஸ் என்ற நெறிமுறை வேலை செய்கிறது. 2008இல் வந்த 1.2, 2018இல் வந்த 1.3 ஆகிய இரண்டு பதிப்புகளை மட்டுமே ஏற்க வேண்டும்; 1.0, 1.1 இரண்டும் 2021இல் முறைப்படி விலக்கப்பட்டன. வழியில் ஒட்டுக்கேட்பவரை இது தடுக்கும். ஆனால் பல அமைப்புகளில் டிஎல்எஸ் நுழைவாயிலில் நின்று கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோடு பேலன்சரோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உள் வலையமைப்பில் தரவு வெறும் எழுத்தாகவே ஓடுகிறது. உள்ளே இருக்கும் சர்வர்களுக்கு இடையிலும் டிஎல்எஸ் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

2. வட்டில். சேமிப்பகம் முழுவதையும் கிளவுட் நிறுவனமே மறையாக்கம் செய்து வைக்கிறது. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3இல் 2023 ஜனவரி 5 முதல் புதிதாக வரும் ஒவ்வொரு கோப்புக்கும் இது தானாகவே நடக்கிறது. விளம்பர வரி பெரும்பாலும் குறிப்பிடுவது இதைத்தான். வட்டு திருடு போனாலும், பழைய வட்டு குப்பைக்குப் போனாலும் இது காப்பாற்றும். தரவுத்தளத்திடம் முறைப்படி கேட்பவருக்கு அது தானாகவே பூட்டைத் திறந்து கொடுத்துவிடும். கேட்பவர் திருடிய கடவுச்சொல்லோடு வந்தவரா என்று வட்டுக்குத் தெரியாது.

3. பயன்பாட்டுக்குள். தரவுத்தளத்துக்கு அனுப்பும் முன்பே மென்பொருள் வங்கிக் கணக்கு எண் போன்ற ஒரு புலத்தை (அட்டவணையின் ஒரு கட்டத்தை) மட்டும் மறையாக்கம் செய்துவிடுகிறது. தரவுத்தள நிர்வாகி பார்த்தாலும், பேக்கப் கோப்பு வெளியே போனாலும், படிவத்தில் தரவுத்தளக் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனில் அட்டவணை முழுவதும் உருவப்பட்டாலும் கிடைப்பது புரியாத எழுத்துக் குவியல்தான். மென்பொருள் சர்வரையே ஒருவர் கைப்பற்றிவிட்டால் மட்டும் இது நிற்காது.

4. பயனரின் கருவியில். கூகுள் வொர்க்ஸ்பேஸின் கிளையன்ட் பக்க மறையாக்கம், மைக்ரோசாஃப்டின் இரட்டைச் சாவி முறை ஆகியவை இந்த வகை. சேவை நடத்துபவருக்கே உள்ளடக்கம் தெரியாது. அதற்கு விலையும் உண்டு. சர்வரால் உள்ளே தேட முடியாது, கணக்குப் போட முடியாது. ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்துக்கு இது பொருந்தும். வரியும் பிஎஃபும் கணக்கிட வேண்டிய சம்பளப் புலத்துக்குப் பொருந்தாது.

இந்த நான்கில் இரண்டாவதைச் செய்துவிட்டு மூன்றாவதைச் செய்ததுபோல் பேசுவதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். அட்டைப் பணப்பரிமாற்றத் துறை இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டுவிட்டது. அத்துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐ டிஎஸ்எஸ்ஸின் நான்காம் பதிப்பின்படி, கழற்றி எடுத்துச் செல்லும் சேமிப்புக் கருவி தவிர மற்ற இடங்களில் அட்டை எண்ணுக்கு வட்டு மறையாக்கம் மட்டும் போதாது. 2025 மார்ச் 31 முதல் இது கட்டாயம்.

கேப்பிட்டல் ஒன் காட்டியது

2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியின் தரவு கிளவுடிலிருந்து திருடப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாகத் திருடியவர் உள்ளே நுழைந்தார், அந்த ஃபயர்வாலுக்குத் தரப்பட்டிருந்த தற்காலிக அனுமதிச் சான்றைப் பெற்றார், அதை வைத்து எஸ்3 கோப்புகளைக் கேட்டு வாங்கினார்.

அந்தத் தரவு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் பயனில்லை. உள்ளே நுழைந்த விதத்தில் தரவைத் திறக்கும் அனுமதியும் சேர்ந்தே கிடைத்துவிட்டது என்று வங்கியே அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்கர்களின் அரசு அடையாள எண்), கணக்கு எண் போன்ற சில புலங்களை வங்கி டோக்கனாக மாற்றி வைத்திருந்தது. டோக்கனாக மாற்றப்பட்டவை பத்திரமாக இருந்தன. அப்படி மாற்றப்படாத சுமார் 1.4 லட்சம் சமூகப் பாதுகாப்பு எண்களும் 80,000 வங்கிக் கணக்கு எண்களும் வெளியே போயின. அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

ஒரே திருட்டு, ஒரே கிளவுட். சில புலங்கள் தப்பின, சில தப்பவில்லை. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் கணித வலிமையில் குறை ஒன்றும் இல்லை. கோப்பைத் திறக்கும் அனுமதி, கோப்பைக் கேட்கும் அனுமதியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டோக்கனை அசல் எண்ணாக மாற்றும் அனுமதி வேறிடத்தில் இருந்தது. உணர்திறன் அடிப்படையில் தரவைப் பிரிப்பது இதற்காகத்தான். மதிப்பு கூடக்கூட, தரவும் அதைத் திறக்கும் அதிகாரமும் ஒருவர் கையிலேயே சேராதபடி தள்ளி வைக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நெடுவரிசைப் பெயரை மட்டும் பார்த்து ‘இது முக்கியம், இது முக்கியமில்லை’ என்று குறிப்பது போதாது. ஒவ்வொரு புலத்துக்கும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்.

1. கசிந்தால் மாற்றிக்கொள்ள முடியுமா? கடவுச்சொல்லை அன்றே மாற்றலாம். வங்கிக் கணக்கை அலைச்சலோடு மாற்றலாம். பிறந்த தேதி, கைரேகை, நோயின் பெயர் ஆகியவற்றை மாற்றவே முடியாது.

2. மென்பொருள் இதை வைத்து என்ன செய்கிறது? திரையில் காட்டுவது, சமமா என்று ஒப்பிடுவது, கணக்குப் போடுவது, வேறிடத்துக்கு அனுப்புவது என்று நான்கில் ஒன்றாக இருக்கும். எந்த முறை செல்லும் என்பதை இந்த விடைதான் தீர்மானிக்கிறது.

3. எத்தனை பேர் பார்த்தாக வேண்டும்? ஊழியரின் வங்கிக் கணக்கு எண்ணை முழுதாகப் பார்க்க வேண்டிய மனிதர் உண்மையில் யாரும் இல்லை. வங்கிக்குப் போகும் கோப்பில் அது இருந்தால் போதும். திரையில் கடைசி 4 இலக்கம் போதும்.

சாதாரணம் என்று ஒதுக்கியதே ஆபத்தாவது உண்டு. கடவுச்சொல் பெட்டகமான லாஸ்ட்பாஸிலிருந்து 2022இல் பயனர் பெட்டகங்களின் பேக்கப் நகல்கள் திருடப்பட்டன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கம் ஆகியிருந்தன. இணையதள முகவரிகள் ஆகவில்லை. யார் எந்த வங்கியில், எந்தக் கிரிப்டோ சந்தையில் கணக்கு வைத்திருக்கிறார் என்பது திருடியவருக்கு அப்படியே தெரிந்துவிட்டது. யாருடைய பெட்டகத்தை உடைக்க மெனக்கெடலாம் என்ற பட்டியல் கையில் கிடைத்ததற்குச் சமம் இது.

சம்பள மென்பொருளில் இதற்கு நிகரான இடம் விடுப்புக் குறிப்பு. ‘விடுப்பு வகை’ என்ற புலம் சாதாரணமானதுதான். பக்கத்திலேயே ‘காரணம்’ என்ற திறந்த பெட்டி இருக்கிறது. கருச்சிதைவு, புற்றுநோய்ச் சிகிச்சை, குடும்ப வழக்கு எல்லாம் அதில்தான் எழுதப்படுகின்றன. இணைக்கப்படும் மருத்துவச் சான்றிதழும் அப்படியே. பயனர் எதை வேண்டுமானாலும் எழுதக்கூடிய பெட்டியை, அதில் எழுதப்படக்கூடிய மிக மோசமான விஷயத்தை வைத்துத்தான் வகைப்படுத்த வேண்டும்.

சம்பள மென்பொருளுக்கான பிரிவினை

முதல் நிலை: பதவி, அலுவலக முகவரி, விடுமுறைப் பட்டியல். டிஎல்எஸ், வட்டு மறையாக்கம் இரண்டும் போதும். இவற்றையும் புலம் புலமாகப் பூட்டுவது வேலையை மெதுவாக்கும், லாபம் இல்லை.

இரண்டாம் நிலை: சொந்தக் கைபேசி எண், வீட்டு முகவரி, பிறந்த தேதி, அவசரத் தொடர்பு. மேலே சொன்ன இரண்டோடு ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கும் தனிச் சாவி, திரையில் பாதி மறைத்துக் காட்டுதல், யார் பார்த்தார் என்ற பதிவு.

மூன்றாம் நிலை: சம்பளம், வங்கிக் கணக்கு, பான், விடுப்புக் காரணம், மருத்துவச் சான்றிதழ், ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. பயன்பாட்டுக்குள் புல அளவு மறையாக்கம் கட்டாயம். சம்பளத்துக்கும் மருத்துவத்துக்கும் வெவ்வேறு சாவி. சம்பளம் ஓட்டும் நிரலுக்கு மருத்துவச் சாவி தேவையே இல்லை.

நான்காம் நிலையில் வருபவை மூன்று. மூன்றுக்கும் முறை வேறு.

ஆதார் எண்: சட்டப்படி ஆதார் எண்ணைச் சேமிக்கும் நிறுவனங்கள் அதைத் தனிப் பெட்டகத்தில் மட்டுமே வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017 ஜூலையில் சுற்றறிக்கை விட்டது. மற்ற எல்லா அட்டவணையிலும் அசல் எண்ணுக்குப் பதில் ஒரு குறிப்பு எண்தான் இருக்கலாம். பெட்டகத்தின் சாவி எச்எஸ்எம் எனப்படும் தனி வன்பொருளில் இருக்க வேண்டும். ஆன்லைன் கடைகள் அட்டை எண்ணை வைத்திருக்கக் கூடாது, டோக்கன்தான் வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்தியதும் இதே வகை ஏற்பாடுதான்.

கடவுச்சொல்: இதை மறையாக்கமே செய்யக் கூடாது. திரும்பத் திறக்க முடியாதபடி ஹாஷ் செய்ய வேண்டும். ஆர்கான்2ஐடி என்ற ஹாஷ் முறையில் குறைந்தது 19 மெபிபைட் நினைவகமும் 2 சுற்றும் வேண்டும் என்பது இப்போதைய பொதுப் பரிந்துரை. 2013இல் அடோபியிலிருந்து கசிந்த கோப்பில் 13 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் ஹாஷ் ஆகாமல் ட்ரிபிள் டெஸ் என்ற பழைய முறையில் ஒரே சாவியால் மறையாக்கம் ஆகியிருந்தன. ஒரே கடவுச்சொல் வைத்தவர் எல்லோருக்கும் ஒரே மறையெழுத்து வந்தது. பக்கத்தில் நினைவூட்டும் குறிப்பு வெறும் எழுத்தில் இருந்தது. சாவி கிடைக்காமலேயே பலருடைய கடவுச்சொல்லை ஊகிக்க முடிந்தது.

கைரேகை: கிளவுடுக்குப் போகவே கூடாது. வருகைப்பதிவுக் கருவிக்குள்ளேயே அது தங்கட்டும். மேலே போக வேண்டியது ஊழியர் எண்ணும் நேரமும் மட்டும்.

ஒரு வங்கிக் கணக்கு எண் எப்படிப் பூட்டப்படுகிறது

மூன்றாம் நிலையில் உள்ள ஒரு புலத்தை அருகில் வைத்துப் பார்த்தால், எங்கெங்கே தவறு நுழைகிறது என்பது புரியும்.

1. இரண்டடுக்குச் சாவி. சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸில் ஒரு தலைமைச் சாவி இருக்கும். அது வெளியே வராது. மென்பொருள் கேட்கும்போது கேஎம்எஸ் 32 பைட் நீளமுள்ள ஒரு தரவுச் சாவியை உருவாக்கி, அதன் வெறும் வடிவத்தையும் தலைமைச் சாவியால் பூட்டிய வடிவத்தையும் தரும். வெறும் வடிவத்தால் கணக்கு எண்ணைப் பூட்டிவிட்டு அதை நினைவகத்திலிருந்து அழித்துவிட வேண்டும். பூட்டிய வடிவத்தைத் தரவுத்தளத்தில் வைக்கலாம். பெரிய தரவை கேஎம்எஸ்ஸிடமே நேரடியாகக் கொடுக்க முடியாது. அமேசான் கேஎம்எஸ் ஒரு தடவைக்கு 4,096 பைட்டுக்கு மேல் ஏற்காது.

2. நான்ஸ். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்பது ஏஇஎஸ் மறையாக்கத்தோடு, தரவு மாற்றப்பட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு முத்திரையையும் சேர்க்கும் முறை. அதில் ஒவ்வொரு பூட்டலுக்கும் 12 பைட் நீளமுள்ள புதிய எண் (நான்ஸ்) ஒன்று வேண்டும். ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இரண்டு முறை வந்தால் இரண்டு தரவுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும். போலித் தரவைக் கண்டுபிடிக்கும் காப்பும் உடையும். இது பெரும்பாலும் நடப்பது, நான்ஸை நினைவகத்தில் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போகும் நிரலில். சர்வர் மறுபடி தொடங்கினால் எண்ணிக்கை மீண்டும் 1இல் தொடங்குகிறது. இரண்டு சர்வர் ஓடினால் இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றன. நம்பகமான மூலத்திலிருந்து சீரற்ற எண் எடுப்பதே பாதுகாப்பு. அப்படி எடுக்கும்போது ஒரு தரவுச் சாவியால் 2இன் 32ஆம் அடுக்குக்கு, அதாவது சுமார் 430 கோடிக்கு மேல் பூட்டக் கூடாது.

3. இடத்தோடு கட்டிப்போடுதல். இதை விட்டுவிடுபவர்கள் அதிகம், விளைவோ நேரடிப் பண இழப்பு. தரவுத்தளத்தில் எழுதும் அனுமதி பெற்ற ஒருவருக்கு மறையெழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. தன் வரிசையில் இருக்கும் பூட்டிய கணக்கு எண்ணை அப்படியே நகல் எடுத்து இன்னொரு ஊழியரின் வரிசையில் ஒட்டினால் போதும். மென்பொருள் அதை ஒழுங்காகத் திறக்கும். மாதக் கடைசியில் அந்த ஊழியரின் சம்பளம் இவர் கணக்குக்குப் போகும். ஜிசிஎம் முறையில் பூட்டும்போது கூடவே ஒரு சரிபார்ப்புத் தகவலையும் கொடுக்க முடியும். நிறுவன எண், ஊழியர் எண், நெடுவரிசைப் பெயர் மூன்றையும் அதில் கொடுத்துவிட்டால், இடம் மாறிய மறையெழுத்து திறக்கவே திறக்காது, பிழை வரும். அந்தப் பிழையை வெறும் லாக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) போட்டுவிட்டு நகராமல் உடனே எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

4. நீளம். ஜிசிஎம் தரவின் நீளத்தை மறைப்பதில்லை. 45000 என்பதும் 145000 என்பதும் மறையெழுத்தான பிறகும் ஒரு பைட் வேறுபடும். யார் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குகிறார் என்பது திறக்காமலேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு நிரப்பிவிட்டுப் பூட்ட வேண்டும்.

5. இடம் போதுமா? இந்தியாவில் கணக்கு எண் 18 இலக்கம் வரை போகும். அதை 20 பைட்டாக நிரப்பினால், நான்ஸ் 12, சரிபார்ப்பு முத்திரை 16 சேர்த்து 48 பைட். பேஸ்64 எழுத்தாக மாற்றினால் 64 எழுத்து. பழைய நெடுவரிசை 20 எழுத்து அகலமாக இருந்து, மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் கண்டிப்பு முறையில் இல்லாமல் ஓடினால், மீதியை அது வெட்டி எறிந்துவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நின்றுவிடும். வெட்டப்பட்டதில் மறையெழுத்தின் பெரும்பகுதியும் முத்திரையும் போய்விடும். பிறகு எந்தச் சாவியாலும் அந்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது.

தேட வேண்டும் என்றால்?

ஒரே பான் எண் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய நான்ஸ் என்பதால் ஒரே பான் இரு வேறு மறையெழுத்தாக நிற்கும், ஒப்பிட முடியாது. பலரும் உடனே செய்வது பான் எண்ணைச் சாவி இல்லாத எஸ்எச்ஏ-256 முறையில் ஹாஷ் செய்து பக்கத்தில் வைப்பது. இது பூட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்துச் சுவரைத் திறந்து வைப்பதற்கு ஒப்பு.

காரணம் எளிய கணக்கு. தனிநபரின் பான் எண்ணில் நான்காவது எழுத்து ‘பி’. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. அது பெயர்ப் புலத்திலேயே தெரிகிறது. மிச்சம் 3 எழுத்து, 4 இலக்கம், கடைசி எழுத்து. எல்லாச் சேர்க்கையும் போட்டால் அதிகபட்சம் சுமார் 457 கோடி. ஆதார் 12 இலக்கம்; முதல் இலக்கம் 0, 1 ஆக இருக்காது, கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். மிஞ்சுவது 8,000 கோடி. விளையாட்டுக்கு வாங்கும் கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஹாஷ் போடும். பான் நொடிகளில், ஆதார் ஒரு நிமிடத்துக்குள் விழும்.

சரியான வழி எச்மேக். ஹாஷோடு ஒரு ரகசியச் சாவியும் சேரும்; சாவி இல்லாமல் சேர்க்கைகளைப் போட்டுப் பார்க்க முடியாது. அந்தச் சாவி மறையாக்கச் சாவியிலிருந்து வேறாக இருக்க வேண்டும், தரவுத்தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஆனால் இந்த உபாயம் பான்போல ஆளுக்கு ஒன்றாக வரும் மதிப்புக்குத்தான் செல்லும். ரத்தவகைக்குப் போட்டால் எட்டே மதிப்பு. எது அதிகம் வருகிறது என்று எண்ணினாலே எது எந்த வகை என்று தெரிந்துவிடும். ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் இடம் தரும் மறையாக்க முறைகளை மருத்துவமனைத் தரவில் சோதித்து, பெரும்பகுதியை ஊகிக்க முடியும் என்று 2015இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

‘50,000க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள்’ என்ற அறிக்கைக்கு என்ன செய்வது? அந்த நேரத்தில் மென்பொருளே அந்த நிறுவனத்தின் வரிசைகளை எடுத்துத் திறந்து வடிகட்டிக்கொள்ளலாம். இது மெதுவாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. இன்றைய சர்வருக்கு 10,000 சிறு புலங்களைத் திறக்க ஒரு நொடிகூட ஆகாது.

மெதுவாவது வேறிடத்தில். ஒவ்வொரு புலத்துக்கும் கேஎம்எஸ்ஸை அழைத்தால் 10,000 ஊழியர், ஆளுக்கு 6 புலம் என்று 60,000 அழைப்பு. ஒன்றுக்கு 10 மில்லிநொடி என்று வைத்தாலும் வரிசையாகப் போனால் 10 நிமிடம். ஒரு நிறுவனத்துக்கு ஒரு தரவுச் சாவியை எடுத்து 5 நிமிடம் நினைவகத்தில் வைத்துக்கொண்டால் அழைப்பு ஒன்றோ இரண்டோதான் ஆகும்.

சாவியை நடத்துவது

அமேசான் கேஎம்எஸ்ஸில் ஒரு தலைமைச் சாவிக்கு மாதம் 1 டாலர், 10,000 அழைப்புக்கு 3 சென்ட். 5,000 வாடிக்கையாளர் நிறுவனத்துக்கும் தனித்தனித் தலைமைச் சாவி என்றால் மாதம் 5,000 டாலர் ஆகிவிடும். பொதுத் தலைமைச் சாவியின் கீழ் நிறுவனத்துக்கு ஒரு தரவுச் சாவி, கேட்கும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் தனித் தலைமைச் சாவி என்பது நடைமுறைக்கு ஒத்த வழி.

சாவிச் சுழற்சி, அதாவது சாவியைப் புதிதாக மாற்றுவது பற்றித் தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தலைமைச் சாவியை ஆண்டுக்கு ஒருமுறை தானாகச் சுழற்றும் வசதி, பழைய தரவை மறுபடி பூட்டுவதில்லை. புதிதாக வருபவை புதிய சாவியில் போகும், பழையவை பழைய சாவியிலேயே இருக்கும். தரவுச் சாவி வெளியே கசிந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் சுழற்சி உதவாது. தரவையே திறந்து புதிய தரவுச் சாவியால் மறுபடி பூட்ட வேண்டும். அதற்கான நிரல் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

சாவியை அழிப்பது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. கேஎம்எஸ் 7 முதல் 30 நாள் வரை காத்திருப்பு வைக்கிறது; அதற்குப் பின் பேக்கப்பில் இருப்பதும் சேர்த்து எதையும் திறக்க முடியாது. விலகிப்போன வாடிக்கையாளரின் தரவை எல்லா நகலிலும் ஒரே அடியில் செல்லாததாக்க இதுவே நல்ல வழி. ஆனால் ‘மூன்று மாதமாக யாரும் பயன்படுத்தவில்லை’ என்று பார்த்து அழித்த சாவி, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் வரிச் சான்றிதழின் சாவியாக இருக்கலாம். முதலில் முடக்கி வைத்து ஒரு முழு நிதியாண்டுச் சுற்று கடந்த பிறகே அழிக்க வேண்டும்.

‘உங்கள் சாவியை நீங்களே கொண்டு வரலாம்’ என்ற வசதியை விற்பவர்கள் உண்டு. உங்கள் சாவியை அவர்கள் கணக்கில் ஏற்றச் சொன்னால், ஏற்றிய பிறகு அதைப் பயன்படுத்துவது அவர்கள் மென்பொருள்தான். சாவி உங்கள் கிளவுட் கணக்கில் இருந்து, ஒவ்வொரு பயன்பாடும் உங்கள் பதிவேட்டில் விழுந்து, நீங்கள் நினைத்தபோது நிறுத்த முடிந்தால்தான் அது உங்கள் கட்டுப்பாடு. அப்போது இடரும் உங்களுடையதே. உங்கள் நிர்வாகி தவறுதலாகச் சாவியை முடக்கினால் 30ஆம் தேதி சம்பளம் ஓடாது, விற்றவரால் எதுவும் செய்ய முடியாது.

பூட்டிய தரவு வெளியே ஒழுகும் இடங்கள்

லாக்: பிழை வரும்போது வந்த கோரிக்கை முழுவதையும் எழுதிவைக்கும் நிரல், பூட்டும் முன்பே கணக்கு எண்ணை லாக்கில் போட்டுவிடுகிறது. தேடல் குறியீடு: திறந்த வடிவில் எல்லாவற்றையும் இன்னொரு சேமிப்பகத்தில் நகல் எடுக்கிறது. சோதனைச் சூழல்: உண்மைத் தரவின் நகல், பலவீனமான அனுமதியோடு. சிஎஸ்வி ஏற்றுமதி: ஒருமுறை இறக்கியபின் எந்தப் பூட்டும் கூட வராது.

சம்பளச் சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பிடிஎஃபாக மின்னஞ்சலில் அனுப்பி, பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைப்பது இங்கே பரவலான வழக்கம். 60 ஆண்டில் சுமார் 21,900 நாள்தான் உண்டு. சாதாரண மடிக்கணினி அத்தனையையும் சீக்கிரமே போட்டுப் பார்த்துவிடும். சீட்டை இணைப்பாக அனுப்பாமல், உள்நுழைந்து பார்க்கும் சுட்டியை மட்டும் அனுப்புவதும், சீட்டில் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கத்தை மட்டும் அச்சிடுவதும் இன்றே செய்யக்கூடியவை.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் மாற்றும் வரிசை

1. பூட்டிய வடிவத்துக்குப் புதிய நெடுவரிசை சேர்க்கவும். சாவிப் பதிப்பு எண்ணுக்குத் தனி நெடுவரிசை.

2. புதிதாக எழுதும்போது பழைய, புதிய இரண்டிலும் எழுதவும்.

3. பழைய வரிசைகளை 500, 500ஆக எடுத்துப் பூட்டி எழுதவும். எழுதியதைத் திறந்து பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். ஒரு வரிசை பொருந்தாவிட்டாலும் நிறுத்தவும்.

4. படிப்பதைப் புதிய நெடுவரிசைக்கு மாற்றவும். ஒரு முழுச் சம்பளச் சுற்று அப்படியே ஓடட்டும்.

5. பழைய நெடுவரிசையில் எழுதுவதை நிறுத்தி, அதை வெறுமையாக்கி நீக்கவும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நெடுவரிசையை நீக்கினால் அது கண்ணுக்கு மறைகிறதே தவிர, பழைய எழுத்து வட்டில் கிடக்கும். அட்டவணையை முழுதாக மறுபடி எழுதவைக்கும் வாக்யூம் ஃபுல் கட்டளையை ஓட்ட வேண்டும். அது ஓடும் நேரம் அட்டவணை பூட்டப்பட்டிருக்கும், ஆகவே சம்பள நாளுக்கு அருகில் வேண்டாம்.

6. பேக்கப். அமேசானின் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில் தானாக எடுக்கப்படும் பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைக்கலாம். கையால் எடுத்த ஸ்னாப்ஷாட் யாரேனும் அழிக்கும்வரை அப்படியே இருக்கும். அவற்றைப் பட்டியலிட்டு, ஐந்தாம் படிக்கு முந்தைய தேதியுள்ள கடைசி நகல் அழிந்ததை உறுதிசெய்த பிறகுதான், அந்தப் புலம் மறையாக்கம் செய்யப்பட்டது என்று தணிக்கைப் படிவத்தில் எழுதலாம்.